ட்ருவா நகரத்து ஓக் வீடு: இற்றுப்போன அடிமரத்தை மாற்றிய வேலைக் குறிப்பு

ஃபிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் ஓப் மாவட்டத்தின் தலைநகரம் ட்ருவா. அதன் பழைய நகரத்துச் சந்து ஒன்றில் நிற்கும் மூன்று தள வீட்டின் தெருப்பக்கச் சுவரைப் பழுதுபார்த்த வேலையின் குறிப்பு இது. சுவரின் அகலம் 5.2 மீட்டர். மேல்தளங்கள் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிட ஒரு சாண் அளவுக்குத் தெருவை நோக்கி நீண்டிருக்கின்றன. பாரத்தைத் தாங்குவது முழுக்க ஓக் மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையிலுள்ள கட்டங்களை அடைத்திருப்பது மரச் சிம்புகளும் வைக்கோல் கலந்த மண்ணும். பொருத்துகளில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. எல்லாம் மர முளைகள்.

1524 மே 24 அன்று பிடித்த தீயில் இந்த நகரத்தில் ஏறத்தாழ 1500 வீடுகள் எரிந்தன. அதற்குப் பிறகும் மக்கள் மரத்திலேயே திரும்பக் கட்டினார்கள். பக்கத்தில் வெட்டி எடுக்கக் கிடைக்கும் கல் சுண்ணக்கட்டிப் பாறை. மழையில் ஊறி உறைபனியில் உதிர்ந்துவிடும். ஓக் மரமோ ஓத், ஓரியான் காடுகளில் ஏராளம். ஆகவே இன்று பார்க்கும் தெருக்களும் மனைகளும் மத்தியகாலத்தவை, மரங்கள் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை, தச்சு முறை மத்தியகாலத்திலிருந்து அறுபடாமல் வந்தது. சுவரைத் தொடுகிறவர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே காப்பாற்ற வேண்டியது வெறும் முகப்பு அழகை அல்ல. மரம், மண், சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து நீரைக் கையாளும் ஏற்பாட்டைத்தான்.

அடிமரம் ஏன் இற்றது

வீட்டின் எல்லா நிற்கும் கால்களும் ஒரே கிடைமரத்தில் வந்து இறங்குகின்றன. இந்த அடிமரம் 22 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். கட்டிய காலத்தில் இது தெருவிலிருந்து நன்கு உயர்ந்த கல் அடிக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் தெருவின்மேல் தெருவாகக் கல் பாவியதில் அடிக்கட்டு புதைந்து, இப்போது அடிமரத்துக்கும் நடைபாதைக்கும் இடையே 6 செ.மீ.தான் மிச்சம். மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் இதைவிடப் பல மடங்கு.

அது மட்டும் என்றால் ஓக் தாங்கியிருக்கும், நனைந்தால் காய்ந்துவிடும். கெடுத்தது 20-ஆம் நூற்றாண்டில் முகப்பின் கீழ்ப்பகுதியில் கம்பி வலை அடித்துப் பூசிய 25 மி.மீ. சிமெண்ட். மரம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், சிமெண்ட் அசையாது. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் முதல் சில ஆண்டுகளிலேயே மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. நல்ல எண்ணத்தில் பூசியதுதான், ஆனால் மேலே விழுந்த நீரையெல்லாம் அடிமரத்தின் முதுகில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

ஊசி ஈரமானியில் 1.2 மீட்டர் உயரத்தில் கால்கள் 15 சதவீதம் காட்டின. கால்களின் பாதத்தில் 24, அடிமரத்தில் 31 முதல் 34. ஓக்குக்கு 20-க்குக் கீழே கவலையில்லை, 28-ஐத் தாண்டினால் பூஞ்சை தங்குதடையின்றி வேலை செய்யும். எண்ணை மட்டும் நம்பக்கூடாது. சுவரில் உப்பு ஏறியிருந்தால் மானி கூடுதலாகக் காட்டும். அதனால் கூடவே 6 மி.மீ. துளையிடும் கருவியை மெதுவாகச் செலுத்தி, வெளிவரும் தூளைப் பார்ப்பது நல்லது. நல்ல ஓக்கின் தூள் வெளிறிய நிறத்தில் சுருளாக வரும், புளிப்பு வாசனை அடிக்கும். இற்ற மரம் காப்பிப்பொடி நிறத்தில் பொலபொலவென்று உதிரும். இந்த அடிமரத்தில் இடது மூலையிலிருந்து 2.1 மீட்டர் வரை துளையிடும் கருவி எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. அதற்கப்பால் வைரம் பாய்ந்த பகுதி கெட்டியாக இருந்தது.

மரத்தில் 2 முதல் 4 மி.மீ. வட்டத் துளைகள் இருந்தால் அது ஈர ஓக்கைத் தின்னும் பெரிய வண்டின் வேலை. ஈரம் போனால் வண்டும் போகும். காய்ந்த வைர மரத்துக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. ஆனால் சாம்பல் நிறப் பஞ்சுப் படலமோ, துருப் பொடி போன்ற விதைத்தூளோ தென்பட்டால் வேலையை நிறுத்த வேண்டும். அது மெருல் என்னும் வீட்டுப் பூஞ்சை. கல் சுவரையும் ஊடுருவிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். வீட்டுவசதி பற்றிய 2014-ஆம் ஆண்டின் அலூர் சட்டப்படி அதை நகராட்சியிடம் எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். இங்கே அது இல்லை.

அனுமதி

பழைய நகரம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி. இதன் வேர் ஆந்த்ரே மல்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது வந்த 1962 ஆகஸ்ட் 4-ஆம் தேதிச் சட்டம். 2016-க்குப் பிறகு இத்தகைய பகுதிகளெல்லாம் குறிப்பிடத்தக்க மரபுத் தலங்கள் என்ற ஒரே பெயரின் கீழ் வந்துவிட்டன. தனிக் கட்டடங்களுக்கு 1913 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டம் இரண்டு நிலைகளைத் தருகிறது: முழுப் பாதுகாப்பு, பட்டியலில் பதிவு. இந்த வீடு இரண்டிலும் இல்லை. ஆனாலும் பகுதியின் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வருவதால் தெருமுகப்பை மட்டுமல்ல, உள்ளே படிக்கட்டையோ கணப்பையோ தொட்டாலும் அனுமதி வேண்டும்.

விண்ணப்பம் நகராட்சியில். அங்கிருந்து அது அரசின் பாதுகாப்புக் கட்டடக்கலைஞரிடம் போகும், ஆ.பே.எஃப் என்பார்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. சாதாரணமாக ஒரு மாதத்தில் முடியும் முன்னறிவிப்புக்கு இங்கே இரண்டு மாதம். 'முகப்புப் புதுப்பிப்பு' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் கேள்விகளோடு திரும்பி வரும். 1:20 அளவில் வரைபடம், எந்த மரம் எத்தனை செ.மீ. வெட்டப்படும், புதிய மரத்தின் இனம், சாந்தின் கலவை விகிதம், சுண்ணாம்பு அடிக்கும் நிறத்தின் மாதிரி எல்லாம் சேர்த்து அனுப்புவதே சுருக்கு வழி. தெருவில் சாரமும் முட்டும் நிறுத்தத் தனி அனுமதி.

ஆ.பே.எஃப் விதிக்கும் நிபந்தனைகளைத் தடங்கலாகப் பார்க்கிறவர்கள் உண்டு. சிமெண்ட் கூடாது, நுரை அடைப்பு கூடாது, படலம் போடும் வார்னிஷ் கூடாது, சாந்து மர முகத்தைத் தாண்டித் துருத்தக்கூடாது என்று கேட்டார்கள். நான்குமே மரத்தின் ஆயுளை நீட்டும் விதிகள். பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத வீட்டிலும் இவற்றைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும்.

ஒரு கேள்வி முதலிலேயே தீர வேண்டும்: இந்த மரச்சட்டம் வெளியே தெரியக் கட்டப்பட்டதா? எல்லா வீடும் அப்படி அல்ல. இந்த முகப்பில் முன்நீண்ட விட்டத்தின் அடியில் கோடு இழைத்த அலங்காரம் இருக்கிறது, கால்கள் நேராக இழைக்கப்பட்டவை, ஆகவே தெரிவதற்காகவே செய்தது. பக்கச் சுவர் வேறு: மரங்கள் கோணல், பட்டையோரம் அப்படியே, மேலே சாந்து பிடிக்கக் கோடரியால் கொத்திய வரிசைத் தழும்புகள். அது பூச்சுக்குள் இருக்கப் பிறந்த சுவர். அதை உரித்துக் காட்டுவது மரத்தை மழையில் நிறுத்துவதற்குச் சமம். பக்கச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே திரும்பவும் போடப்பட்டது.

பிரிப்பதற்கு முன்

1949-க்கு முன் கட்டிய வீடுகளில் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் சுரண்டக்கூடாது. உலர்வாகத் தேய்ப்பதும் வெப்பக்காற்றும் தவிர்க்க வேண்டியவை. ஈரத்துணியும் கைச்சுரண்டியும் நுண்துகள் வடிகட்டி உள்ள உறிஞ்சியும் போதும்.

சிமெண்டை மேலிருந்து கீழாக, கை உளியும் ஒரு கிலோ சுத்தியலும் கொண்டு எடுத்தோம். மின் உடைப்பான் விரைவுதான், ஆனால் அந்த அதிர்ச்சியில் நல்ல நிலையில் இருக்கும் மண் கட்டங்களும் சிம்பிலிருந்து விட்டுவிடும், முளைகள் தளரும். கம்பி வலையின் ஆணிகளைப் பிடுங்கினால் ஓக் பிளந்து வரும். தலையை வெட்டிவிட்டு, தண்டை உள்ளே 5 மி.மீ. அமுக்கி, மேலே ஓக் தூளும் விலங்குப் பசையான சரேசும் குழைத்து அடைப்பது மேல். ஓக்கில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தின்னும், தின்ற இடத்தில் கருநீலக் கறை படியும். அதனால்தான் புதிதாகத் தேவைப்பட்ட இரண்டே திருகாணிகளும் கடல்தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சிமெண்ட் போனதும் கால்களின் கீழ்முகத்தில் தச்சர் குறிகள் தெரிந்தன. விரல் நீளத்துக்குக் கீறிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது கால் நான்கு நேர்கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. ரோமன் எண்ணில் வழக்கமான வடிவம் எழுதினால் மரத்தைத் தலைகீழாகப் புரட்டும்போது ஆறாகப் படித்துவிடுவார்கள். பட்டறைத் தரையில் மரம் புரண்டுகொண்டேதான் இருக்கும். மூன்றாவது காலின் குறியில் ஒரு கோட்டின் நுனியில் சிறிய கிளை பிரிகிறது. இந்தப் பக்கத்துச் சட்டம், எதிர்ப்பக்கத்துச் சட்டம் என்று பிரித்துக் காட்டும் அடையாளம் அது. சாய்வு வெளிச்சத்தில் படமெடுத்து, மெழுகுத்தாளில் தேய்த்துப் படியெடுத்து, வரைபடத்தில் இடம் குறித்த பிறகுதான் ரம்பம் தொடவேண்டும். எந்தக் குறியும் வெட்டும் பகுதிக்குள் வரவில்லை. வந்திருந்தால் அந்தத் துண்டு வீட்டுக்குள்ளேயே பாதுகாக்கப்பட வேண்டும்.

வெட்டி எடுத்த அடிமரத்தின் நல்ல முனையிலிருந்து முழுக் குறுக்கு வெட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டோம். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிமரமான வெள்ளையும் பட்டையோரமும் ஒட்டியிருந்தால் வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டையே சொல்லமுடியும். வெள்ளை இல்லாவிட்டால் 'இன்ன ஆண்டுக்குப் பின்' என்பதோடு நின்றுவிடும். குப்பைக்குப் போகும் அந்த உளுத்த ஓரம்தான் வீட்டின் பிறப்புச் சான்று.

முட்டுக் கொடுத்தல்

மாற்றவேண்டிய பகுதியின்மேல் நான்கு கால்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் இரண்டு தளமும் ஓட்டுக் கூரையும். முதல் தளத்து விட்டத்துக்கு நேர் கீழே, சுவரின் உள்ளும் புறமும், 75 க்கு 225 மி.மீ. பலகைகளைத் தரையில் படுக்கவைத்து, அவற்றின்மேல் திருகு முட்டுகள். வெளி முட்டு நிற்கும் இடத்தின் அடியில் நிலவறை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பழைய நகரங்களில் நிலவறை வீட்டு எல்லையோடு நிற்பதில்லை, தெருவுக்கடியிலும் போகும். இங்கே உள்பக்கம் நிலவறையின் வளைவுக் கூரை இருந்ததால், அந்த முட்டுகளுக்கு நேர் கீழே நிலவறைத் தரையிலிருந்தும் முட்டு ஏற்றினோம்.

திருகுவது பாரத்தைக் கைமாற்ற மட்டுமே. 1 அல்லது 2 மி.மீ. போதும். அடிமரத்துக்கும் கால் பாதத்துக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் நிறுத்திவிடவேண்டும். வீடு தெருவை நோக்கி 9 செ.மீ. சாய்ந்திருக்கிறது. அதை நிமிர்த்த ஆசைப்பட்டால் பொருத்துகளில் கழுந்து, அதாவது துளைக்குள் புகும் மர நாக்கு, ஒடியும், மேல்தளத்துத் தரைகள் பிதுங்கும், ஒட்டியிருக்கும் பக்கத்து வீடும் விரிசல்விடும். 500 ஆண்டில் மரம் எடுத்துக்கொண்ட வடிவம் அது. அப்படியே விடுவதுதான் சரி.

மேல்தள விரிசல்களின் குறுக்கே பிளாஸ்டர் பட்டை வைத்து தேதி எழுதினோம். வேலை முடியும்வரை தினமும் காலையில் முதல் வேலை அவற்றைப் பார்ப்பது.

புதிய அடிமரம்

மரம் வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பச்சை ஓக் மலிவு, வெட்ட எளிது, புதுவீட்டுக்கு நல்லது. பழைய காய்ந்த சட்டத்துக்குள் அதைப் புகுத்தினால் காயும்போது வளையத் திசையில் ஏறத்தாழ 8 சதவீதம், ஆரத் திசையில் 4 சதவீதம் சுருங்கும். 22 செ.மீ. உயர மரம் 1 செ.மீ. குறைந்தாலே நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும். ஓக் காய 25 மி.மீ. கனத்துக்கு ஓராண்டு என்பது கணக்கு. 20 செ.மீ. மரம் உள்வரை காய்ந்து கடைக்கு வராது. ஆகவே இடித்த களஞ்சியத்திலிருந்து வந்த பழைய ஓக் விட்டம். ஆணி இருக்கிறதா என்று உலோகங்காட்டியால் தடவி, வெள்ளை முழுவதையும் செதுக்கி எறிந்து, வைரம் மட்டும் மிஞ்சும்படி இழைத்தது. ஓக்கின் வைரம்தான் நாள்பட நிற்கும். வெள்ளையை விட்டு வைத்தால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் அழைப்பு வைத்த மாதிரி.

இற்ற பகுதி 2.1 மீட்டர் என்றாலும் வெட்டியது 2.5 மீட்டர். நல்ல மரத்துக்குள் குறைந்தது 30 செ.மீ. போய் வெட்டினால்தான் பூஞ்சையின் கண்ணுக்குத் தெரியாத நுனியும் போகும். அதோடு இணைப்பு இரண்டு கால்களுக்கு நடுவே விழவேண்டும், காலின் துளைக்கு அடியில் விழக்கூடாது. பழையதும் புதியதும் சேரும் இடத்துக்கு ஃபிரெஞ்சுத் தச்சர்கள் வியாழனின் (ரோமானியக் கடவுள் ஜூபிடரின்) மின்னல் என்று பெயரிட்ட பொருத்து. பக்கத்திலிருந்து பார்த்தால் சாய்வு, நடுவில் ஒரு படி, மறுபடி சாய்வு. மர உயரத்தின் ஏறத்தாழ மூன்றரை மடங்கு, அதாவது 75 செ.மீ. நீளம். நடுப்படியில் விட்ட 25 மி.மீ. சதுரத் துளையில் எதிரெதிராக இரண்டு காய்ந்த ஓக் ஆப்புகள். ஆப்பு இறுகும்போது இரண்டு மரமும் ஒன்றையொன்று நீளவாக்கில் இழுத்துப் பிடிக்கும். ஓசை மாறும்வரை அடி. மந்தமான 'டொக்' மாறி கெட்டியாக ஒலித்த பிறகு ஓர் அடி கூட அடித்தால் படியின் மூலை பிளக்கும்.

பழைய மரத்தின் முகம் சதுரமாக இராது. ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்து வரைந்தால் பொருந்தாது. தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, நூல் காட்டும் புள்ளிகளை ஒவ்வொரு முகத்திலும் குறித்து, அந்தப் புள்ளிகளை இணைத்துத்தான் வெட்டுக்கோடு. கோணல் மரங்களை இப்படிக் கணக்கிட்டுப் பொருத்தும் ஃபிரெஞ்சுத் தச்சு வரைமுறையை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேலைத்தளத்தில் அதன் பயன் வெகு எளிது: முதல் தடவையிலேயே பொருத்து மூடுகிறது.

அடுத்த சிக்கல் கால்களின் அடியிலிருந்து நீண்டிருக்கும் கழுந்து. 8 செ.மீ. நீளக் கழுந்து அடிமரத்தின் துளைக்குள் மேலிருந்து இறங்கவேண்டும். வீட்டை 8 செ.மீ. தூக்க முடியாது. அதனால் புதிய அடிமரத்தின் துளைகளை உள்பக்கம் திறந்த காடியாக (பள்ளமாக) வெட்டி, மரத்தைத் தெருவிலிருந்து கிடையாகத் தள்ளி நுழைத்தோம். கழுந்து காடிக்குள் பக்கவாட்டில் புகும். பிறகு காடியின் திறந்த வாயை அதே மரத்தின் அடைப்புத் துண்டால் மூடி, வழக்கம்போல முளை. தெருவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்று கால்களின் பாதமும் இற்றிருந்தன. 35, 40, 55 செ.மீ. உயரத்துக்கு மட்டும் வெட்டி, இரண்டு மரத்திலும் பாதிக் கனத்தைக் குறைத்து ஒன்றோடொன்று படியவைக்கும் அரைக்கரை சேர்ப்பில் புதுப் பாதம் வைத்தது. பாரம் மேலிருந்து கீழே வருவதால் சேர்ப்பின் இரண்டு முனைகளும் மட்டமாக, இழை முகத்தோடு முகம் முழுமையாக உட்காரவேண்டும். அங்கே 1 மி.மீ. இடைவெளி விட்டால் பாரம் முழுவதும் முளைகளின்மேல் ஏறும். அவற்றின் வேலை அதுவல்ல.

முளைகள் 20 மி.மீ. கனம், பிளந்த ஓக்கில் செதுக்கியவை. ரம்பத்தில் அறுத்த குச்சியில் இழை குறுக்கே ஓடி, அடிக்கும்போது உடையும். பிளந்தால் இழை தலையிலிருந்து நுனிவரை தொடர்ந்து போகும். கழுந்தின் துளையைத் தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம், 2 மி.மீ. தள்ளி இட்டால் முளை இறங்கும்போது பொருத்தை இழுத்து இறுக்கும். 4 மி.மீ. தள்ளினால் முளை வளைந்து கழுந்தின் முனையையே கிழித்துவிடும்.

அடிக்கட்டு

அடிமரம் போனதும் அதன்கீழே இருந்த கற்கள் வெளிப்பட்டன. மேல்வரிசை சுண்ணக்கட்டிக் கல், நகத்தால் கீறினால் மாவாக வரும். அந்த வரிசையை எடுத்துவிட்டு பர்கண்டிப் பகுதியின் கெட்டிச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் 15 மி.மீ. சாந்துப் படுக்கை: நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, என்எச்எல் 3.5 தரம், ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு ஆற்றுமணல். இந்த வீட்டில் இந்தச் சுண்ணாம்பு வந்த ஒரே இடம் இதுதான். தரையோரம் ஈரத்திலும் இறுகவேண்டும் என்பதால்.

கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே தார்த்தாள் விரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும் என்பது வாதம். ஆனால் மேலிருந்து வழியும் மழைநீரும் அந்தத் தாளின்மேலேயே தேங்கும், மரம் கிண்ணத்தில் நிற்கும். அதை விட்டுவிட்டோம். நடைபாதையோரம் 30 செ.மீ. அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்து, நகராட்சி ஒப்புதலோடு 5 செ.மீ. தாழ்த்தி, தெருவை நோக்கிச் சாய்வு கொடுத்துத் திரும்பப் பாவியதே பெரிய லாபம். தெறிப்பு குறைந்தது, கல் முகம் தெரிகிறது, காற்று படுகிறது.

சிம்பும் மண்ணும்

மாற்றவேண்டிய கட்டங்கள் மொத்தம் 9 சதுர மீட்டர். சுவர்க் கனம் 12 செ.மீ. என்றால் குழைத்த மண் ஏறத்தாழ 1.1 கன மீட்டர். பழைய மண்ணைக் கொட்டிவிடக்கூடாது, அதுதான் இந்தச் சுவருக்குப் பழகிய மண். உடைத்து, சல்லடையில் சிமெண்ட் துண்டுகளைப் பொறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்தால் மறுபடி உயிர்பெறும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் வரை இருந்த மண்ணை மட்டும் விலக்கினோம். நூற்றாண்டுக் கால நைட்ரேட் உப்பு அதில் ஏறியிருக்கும், புதுப் பூச்சில் வெண்மையாகப் பூத்து உரித்துவிடும். குறைந்ததற்குப் புது மண்.

புது மண்ணுக்குச் சோதனை: 3 செ.மீ. தடிப்பில் உருட்டிய திரியை மேசை விளிம்பைத் தாண்டி மெதுவாகத் தள்ளு. 5 செ.மீ.க்குள் ஒடிந்தால் களிமண் போதாது, 15-ஐத் தாண்டியும் தொங்கினால் களி மிகை, மணல் சேர்க்கவேண்டும். நடுவில் ஒடிவதுதான் நல்ல மண். வைக்கோல் கன மீட்டருக்கு 30 கிலோ, ஆக 33 கிலோ, விரல்நீளம் முதல் ஒரு சாண்வரை கலந்து நறுக்கியது. கோதுமையைவிட ரை என்னும் தானியத்தின் வைக்கோல் நீளமும் உறுதியும் கூடியது. மிதித்துக் குழைத்து, மூடிவைத்து, மறுநாள் மீண்டும் மிதித்தது. ஒரு நாள் புளித்த மண் கையில் ஒட்டாமல் சிம்பில் ஒட்டும்.

சிம்புகள் பிளந்த செஸ்ட்நட், 3 செ.மீ. அகலம். கால்களின் பக்கத்தில் ஏற்கெனவே 2 செ.மீ. காடி ஓடுகிறது. சிம்பை லேசாக வளைத்து இரண்டு காடிக்குள்ளும் நுழைத்தால் தானே இறுகும். சிம்புக்கும் சிம்புக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி. மண்ணைக் குதிரைவால் போல முறுக்கி, சிம்பின்மேல் போட்டு இருபக்கமும் தொங்கவிட்டு, அடுத்ததை அதோடு இழைத்து அமுக்கியபடி கீழிருந்து மேலே போகவேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், எதிரெதிரே ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் நடுவில் பொள்ளல் விழாது. வெளிமுகம் மரத்தைவிட 12 மி.மீ. உள்வாங்கி நிற்கட்டும், சுண்ணாம்புப் பூச்சுக்கு இடம் வேண்டும். ஈரமாக இருக்கும்போதே விரல்களால் சாய்வு வரி இழுத்துவிட்டால் பூச்சுக்குப் பிடிமானம்.

காய ஆறு வாரம். அவசரத்துக்கு ஹீட்டர் வைத்தால் மேல்தோல் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே 4 முதல் 8 மி.மீ. வெடிப்பு சுற்றிலும் வரும். வரவேண்டும். வராவிட்டால் மண்ணில் களியே இல்லை என்று பொருள். ஓரத்தை நனைத்து, சணல் நார் கலந்த மண்ணை இறுகத் திணித்தால் முடிந்தது. அந்த இடத்தில் பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சுவது கண்கூடாகப் பல வீடுகளில் நடக்கிறது. நுரை மரத்தோரம் நீரைச் சிறைப்பிடிக்கும், பழைய கதை அங்கேயே திரும்பத் தொடங்கும்.

சுண்ணாம்பு

வெளிப்பூச்சு காற்றில் இறுகும் சுண்ணாம்பில், சிஎல் 90 தரம், பசையாக ஊறியது. 9 சதுர மீட்டருக்கு, 10 மி.மீ. கனத்துக்கு, சேதாரம் சேர்த்து 100 லிட்டர் மணல், 40 லிட்டர் சுண்ணாம்புப் பசை, இரண்டு பிடி ஆட்டுமயிர். மணல் 0 முதல் 4 மி.மீ. வரை எல்லா அளவும் கலந்தது. கழுவிய ஒரே அளவு மணல் வாங்கினால் பூச்சு வெடிக்கும். சாயலும் மணலிலிருந்துதான் வருகிறது. உள்ளூர் மஞ்சள் மணலுக்கு ஈடாக எந்த நிறமியும் இல்லை.

மண்ணை முந்தின நாள் மாலையும் காலையிலும் தெளித்து நனைக்க வேண்டும். முதல் கோட் 7 மி.மீ., கரணையால் அறைந்து வீசியது. அது விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் மேல் கோட் 3 மி.மீ., மரத்தேய்ப்பானால். முடிவில் பூச்சும் மரமும் ஒரே மட்டம். பூச்சு பிதுங்கினால் அதன் மேல்விளிம்பில் நீர் நிற்கும், உள்வாங்கினால் கீழே உள்ள குறுக்குமரத்தின் முதுகில் நிற்கும். கரணையின் ஓரத்தால் மரத்தையொட்டி ஒரு மெல்லிய வெட்டு இழுத்துவிட்டால், மரம் அசையும்போது விரிசல் அந்தக் கோட்டிலேயே நேராக விழும், பூச்சின் நடுவில் ஓடாது.

இந்தச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான் கல்லாகும். அதனால் ஷாம்பெயின் பகுதியில் ஆகஸ்டுக்குப் பிறகு வெளிப்பூச்சைத் தொடங்காமல் இருப்பது நல்லது. அக்டோபர் கடைசியில் உறைபனி வந்துவிடும், இறுகாத பூச்சுக்குள் நீர் உறைந்தால் தகடு தகடாக உரியும். 8 டிகிரிக்குக் கீழும் 30-க்கு மேலும் வேலை செய்யக்கூடாது. வெயில் நேரடியாக விழும் முகப்புக்கு நனைத்த சாக்குத் திரை.

மேலே சுண்ணாம்பு அடிப்பு, சுண்ணாம்புப் பசை ஒன்றுக்கு நீர் மூன்று, மூன்று கை (மூன்று தடவை). இரண்டாம் மூன்றாம் கையில் மஞ்சள் காவி. மண் நிறமி சுண்ணாம்பின் எடையில் கால் பங்கைத் தாண்டினால் கையோடு வரும்.

மரத்துக்கு வார்னிஷ் இல்லை. மாவுப் பூச்சு போட்டோம்: 7 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கரைத்த 650 கிராம் கோதுமை மாவைச் சேர்த்துக் கால் மணி நேரம் காய்ச்சவேண்டும். பிறகு செங்காவி 2.5 கிலோ, இரும்புச் சல்பேட் 250 கிராம், இன்னொரு கால் மணி. பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒரு லிட்டர், மறுபடி கால் மணி. கடைசியில் எண்ணெய் நீரோடு கலக்க 100 மி.லி. திரவச் சோப்பு. இழைத்து வழுவழுப்பான மரத்தில் இது ஒட்டாது, சொரசொரப்பான பழைய முகத்துக்கே பொருந்தும். சல்பேட்டின் இரும்பு ஓக்கின் டானினோடு சேர்ந்து கருக்கும் என்பதால் செங்காவி, கரும்பழுப்பு போன்ற ஆழ்ந்த நிறங்களுக்குத்தான் ஏற்றது. இளமஞ்சள் வேண்டும் என்றால் சல்பேட் இல்லாத வேறு பூச்சு. எதுவானாலும் ஒரு முழத் துண்டில் அடித்து, ஒரு மழை பார்த்துவிட்டு முகப்பில் ஏறவேண்டும்.

முட்டு எடுத்த பின்

முட்டுகளை ஒரே நாளில் தளர்த்தவில்லை. நாளுக்குக் கால் திருகு, நடுவிலிருந்து ஓரமாக. பிளாஸ்டர் பட்டைகளில் ஒன்று மட்டும் மயிரிழையாக விட்டது, பிறகு அசையவில்லை. அடிமரத்தின் ஈரம் அடுத்த இளவேனிலில் 19, அதற்கடுத்த கோடையில் 16. மின்னல் பொருத்தின் ஆப்பு முதல் குளிர்காலம் கழிந்து லேசாகத் தளரும். கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டி, பிதுங்கிய நுனியை அறுக்கவேண்டும். மரத்தோர வெடிப்பு இரண்டாம் கோடையில் இன்னொரு முறை திறக்கும். அப்போது சுண்ணாம்புப் பசையும் நுண்மணலும் சம அளவில் குழைத்துத் தேய்த்தால் போதும். சுண்ணாம்பு அடிப்பை மழை தின்னும் வேகத்தைப் பொறுத்து சில ஆண்டுகளுக்கு ஒரு கை. கூரையோரத் தகரக் கால்வாயில் இலை அடைக்கிறதா என்று ஒவ்வொரு நவம்பரிலும் ஏணி வைத்துப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வழிந்த கால்வாயின் நேர் கீழேதான் இந்த அடிமரத்தின் மிக மோசமாக இற்ற இடம் இருந்தது.